உக்காத எரு

யாழ்ப்பாணத்திலிருந்து பகல் ரயிலில் நாங்கள் திரும்பி வந்தது பெப்ரவரி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. கணவரின் பெரியம்மாவுடைய அந்தியேட்டிக் கிரியைக்குப் போய் ஒன்பது நாட்கள் நின்றிருந்தோம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், எங்களுடைய கட்டடத்துக்கு ஐந்து மாடி. நாங்கள் இருப்பது மேல் மாடியில். பைகளை வாசலில் வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் மொட்டை மாடிக்கு ஏறினேன். என்னுடைய முப்பத்தொரு சாடிகளும் அங்கேதான் இருந்தன.

சாடிகள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் பெயின்ற் வாளிகள், மீன்கடைக்காரர் ஐஸ் போட்டு வைத்துவிட்டு வீசிய வெள்ளை ரிஜிபோம் பெட்டிகள், அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய குளியல் தொட்டி. கறிவேப்பிலை, கத்தரி, மிளகாய், வல்லாரை, பொன்னாங்காணி, சுவாமிக்கு நந்தியாவட்டை. நடுவில் ஒரு தேசி மரம், எலுமிச்சை. விதையிலிருந்து வந்தது. ஆறு வருடம் காத்திருந்து, போன வருடம்தான் அதில் முதல் பூவைப் பார்த்தேன்.

கதவைத் திறக்க முன்பே மணம் வந்துவிட்டது. கண்ணைக் கரிக்கும் மணம்; பஸ் நிலையத்துக் கழிப்பறையை மத்தியான வெயிலில் பூட்டி வைத்துத் திறந்ததுபோல. முப்பத்தொரு சாடியிலும் நான்கு விரல் கனத்துக்குக் கறுப்பாக ஏதோ போட்டுப் பரப்பியிருந்தது. வல்லாரை இருந்த இடமே தெரியவில்லை. மிளகாய்க் கன்றுகள் வெந்த கீரைபோலச் சாய்ந்து கிடந்தன. தேசியின் இலைகள் பாதி தரையில், மீதி மஞ்சளாகக் கிளையில். கையை மண்ணுக்குள் விட்டேன். சுட்டது. நான் மிகைப்படுத்திச் சொல்பவள் அல்ல. சோறு வடித்த பானையின் வெளிப்பக்கம் சுடுவதுபோலச் சுட்டது.

எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர் மூன்றாம் மாடியில் இருப்பவர். இளைப்பாறிய பொறியியலாளர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மொட்டை மாடித் திறப்பை அவருடைய மனைவியிடம் கொடுத்து, "தண்ணி மட்டும் விட்டாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். நேரே இறங்கிப்போய் மணியடித்தேன். அவரே திறந்தார். முகத்தில் ஒரு பெருமை.

"வந்திட்டியளோ தங்கச்சி? மேல போய்ப் பாத்தனீங்களே?"

"பாத்தனான். ஆர் போட்டது?"

"நான்தான். உங்களுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும் எண்டு. இருபது மூட்டை எடுப்பிச்சனான், முழுக்க முழுக்க சேதனம், இரசாயனம் ஒரு துளி இல்லை. கேற்றில நிக்கிற வோச்சரும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க நிண்டு போட்டனாங்கள். இடுப்பு முறிஞ்சுபோச்சு."

"செடி செத்துக் கிடக்கு அண்ணை."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை காய்ச்சலுக்கு மருந்து குடிக்க அழும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "சேதனப் பசளை செடியைக் கொல்லாது தங்கச்சி. அது இயற்கை. நீங்கள் ஒன்பது நாள் இல்லை, வெயிலும் கடுமை. ரெண்டு நாள் பொறுங்கோ, எழும்பும்."

இந்த "அது இயற்கை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் பல் கூசுகிறது. பாம்பு விஷமும் இயற்கைதான். அன்று அதைச் சொல்லவில்லை. மேலே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து பனங்கட்டிக் குட்டானை எடுத்துக்கொண்டே, "உதவி செய்யத்தானே வந்தவர்" என்றார். அன்றைக்கு நான் அவரோடு மேற்கொண்டு கதைக்கவில்லை.

நான் ஒரு திணைக்களத்தின் ஆவணப் பிரிவில் இருந்து இளைப்பாறியவள். எதையும் திகதி போட்டு எழுதி வைக்காவிட்டால் அது நடக்கவில்லை என்பது அங்கே கற்ற பாடம். செடிகளுக்கென்று கனத்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பிகள் வைத்திருக்கிறேன், இப்போது ஓடுவது நான்காவது. எந்த நாள், எந்தச் சாடி, என்ன போட்டது, என்ன நடந்தது. இடப்பக்கம் நான் செய்தது, வலப்பக்கம் செடி செய்தது. அந்த ஒன்பது நாட்களுக்கும் ஒன்பது வரி விட்டுவைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, நின்றவை எத்தனை, சாய்ந்தவை எத்தனை என்று எண்ணி எழுதினேன். பேனையை அழுத்தியதில் தாளில் இரண்டு இடத்தில் பொத்தல் விழுந்தது. கொப்பியில் அந்தப் பக்கம் இன்றும் அழகில்லாமல்தான் இருக்கிறது.

முதலாவது கொப்பியைத் தொடங்கியது 2021ஆம் ஆண்டில். நாடு முழுவதும் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி, பிறகு அதே வருடத்திலேயே பின்வாங்கிய காலம். அப்போது திடீரென்று எல்லோரும் சேதனப் பசளை வியாபாரிகள் ஆனார்கள். மருந்துக் கடையில்கூடப் பச்சை இலைப் படம் போட்ட பை தொங்கியது. நானும் வாங்கினேன். "மாட்டெரு" என்று வாங்கியதைச் சலித்துப் பார்த்தால் பாதி மணல். கோழி எருவை அப்படியே போட்டு முதல் மிளகாய்க் கன்றுகளைச் சுட்டுக் கொன்றேன். மண்புழு உரம் நல்லதாக வந்தது. அடுத்த முறை அதே கடை, அதே பை, உள்ளே வெறும் தும்புத்தூள். எலும்புத்தூள் வாங்கி வந்தேன். நந்தியாவட்டைப் பூ சுவாமிக்குப் போவதால் அதை அந்தச் சாடிக்குப் போட மனம் வரவில்லை, கத்தரிக்குப் போட்டேன். வேப்பம் பிண்ணாக்கு மட்டும் என்னை ஒருநாளும் ஏமாற்றவில்லை, அதன் மணத்தைச் சகிக்க முடிந்தவர்களுக்கு.

இத்தனையும் பட்டபிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். பையில் அச்சடித்ததை வாசிப்பதில்லை. ஒரு கைப்பிடி எடுத்து மணந்து பார்ப்பேன்: நல்லாக உக்கி மக்கிய எருவில் முதல் மழை பெய்த மண்ணின் மணம் இருக்கும், வேறொன்றும் இருக்காது. பொத்திப் பிழிவேன்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. அதற்குப் பிறகும் நம்பமாட்டேன். தயிர் வாங்கும் மண்சட்டிகள் எங்கள் வீட்டில் எப்போதும் நாலைந்து மிஞ்சும். ஒன்றில் அந்த எருவை நிரப்பி, பத்துப் பயறு ஊன்றுவேன். எரு உக்கியிருந்தால் மூன்றாம் நாள் பயறு தலையைக் காட்டும். உக்காவிட்டால் விதை அழுகும், அல்லது வேர் நுனி கருகி நின்றுவிடும். ஒரு தயிர்ச்சட்டியும் பத்துப் பயறும்தான் செலவு. இதைச் செய்ய ஒரு பொறியியலாளருக்கு என்ன குறைந்துபோனது?

புதன்கிழமை காலை இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் செயலாளரின் மூட்டையிலிருந்து எடுத்தது; ஒன்பது மூட்டை என் சாடிகளுக்குப் போக, மிச்சம் பதினொன்று படிக்கட்டின் கீழ் அடுக்கியிருந்தது. பிரித்தபோது உள்ளே மரத்தூள், கோழி இறகு, ஒரு சோடாப் போத்தல் மூடி. மற்றச் சட்டியில் என்னுடைய கூட்டெரு. தண்ணீர்த் தொட்டியின் கீழ் ஒரு பெயின்ற் வாளியில் மூடி வைத்திருந்தது. சட்டிகளை மூன்றாம் மாடிப் படிமேடையில், அவருடைய கதவுக்கு எதிரே ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். அவர் பார்க்க வேண்டும் என்றுதான்.

வியாழக்கிழமை சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் அவருடைய அறிவித்தல் வந்தது. எதிர்வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். முதலாவது விடயம்: "மொட்டை மாடியில் இறந்துபோன செடிகளையும் சாடிகளையும் முற்றாக அகற்றுதல், கூரைக்கு நீர்க்காப்புப் பூசுதல்."

இறந்துபோன செடிகள். தானே கொன்றுவிட்டு, செத்துப்போனது என்பதால் தூக்கி எறியலாம் என்று ஒரு தீர்மானம். கூரை ஒழுகுகிறதாம். ஒழுகினால் முதலில் என் தலையில்தான் ஒழுக வேண்டும். மேல் மாடியில் இருப்பவள் நான். இதுவரை ஒரு சொட்டு விழவில்லை. அதற்குள் ஏழு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். இந்தக் கைகூப்பும் படத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஓம், சம்மதம் என்றா, என்னை விடுங்கோ என்றா?

கொப்பியோடு கூட்டத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை வாசித்து, சட்டிகளைக் காட்டி, அந்த மனிதரை எல்லோர் முன்னாலும் வாயடைக்கச் செய்வது என்று அன்றே முடிவெடுத்தேன். அதை நினைத்தே இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை சட்டிகளைப் பார்க்கப் போனேன். அவருடைய மூட்டைச் சட்டியில் ஒன்றுமே இல்லை. கிண்டிப் பார்த்தால் பயறு சளியாகக் கிடந்தது. என்னுடைய சட்டியில் நான்கு முளைத்திருந்தன. பத்தில் நான்கு. அவையும் குட்டையாக, இலை நுனி தீய்ந்து.

செயலாளர் பத்திரிகை எடுக்கக் கதவைத் திறந்தவர், என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"அது உங்கட எருவோ?"

நான் சட்டியை என் பக்கம் இழுத்தேன்.

"அப்ப ரெண்டும் ஒண்டுதானே" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையோடு உள்ளே போனார்.

மேலே ஓடினேன். விதை பழசோ என்று ஈரத் துணியில் பத்துப் பயறு கட்டிவைத்தேன். மறுநாள் பத்தும் முளைவிட்டது. விதையில் பிழை இல்லை. பிறகுதான் கொப்பியை எடுத்து, பெயின்ற் வாளியில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஜனவரி நடுப்பகுதி. என்னுடைய கையெழுத்துத்தான்.

கடல் கொஞ்சம் குமுறிய இரண்டு நாட்கள் கரையில் கடற்பாசி ஒதுங்கியிருந்தது. கணவர் காலையில் நடக்கப் போனவர், தண்டவாளம் தாண்டி இரண்டு கடைப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். கடற்பாசி மண்ணுக்கு எவ்வளவு நல்லது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். இடப்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: உப்புப் போகும்வரை ஒரு மாதம் மழையில் விட வேண்டும். நாலு வரி தள்ளி: மழை இல்லை. குழாயில் மூன்று தரம் அலசினேன். அதற்குக் கீழே, ஒன்பதாம் நாள்: பொறுக்க முடியவில்லை, பழைய கூட்டெருவில் கலந்து தேசிக்கும் இரண்டு கத்தரிக்கும் போட்டேன், மிச்சம் வாளியில். வலப்பக்கத்தில், யாழ்ப்பாணம் போவதற்கு முந்திய நாள்: தேசி, இலை விளிம்பு லேசாகக் கபில நிறம். வெயிலாக இருக்கலாம்.

வெயிலாக இருக்கலாம். எனக்குத் தெரியாதா? ஒரு மாதம் என்று எழுதத் தெரிந்தவளுக்கு ஒன்பதாம் நாளில் பொறுக்க முடியவில்லை. கடலுக்கு முந்நூறு அடியில் இருந்துகொண்டு, ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு, குழாயில் மூன்று தரம் அலசினால் உப்புப் போய்விடும் என்று நினைத்திருக்கிறேன். செயலாளரின் எரு தேசியின் மேல் விழ முன்பே, நான் அதன் வேரை உப்பிட்டுக் கருவாடாக்கிவிட்டேன்.

கணவர் தேத்தண்ணியோடு வந்தார். கொப்பியைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார்.

"உந்தப் பக்கத்தைக் கூட்டத்தில வாசிக்கப் போறீரோ?"

"வாசிக்காட்டி?"

"வாசிக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது. அந்தாள் இதைக் கண்டா முப்பத்தொரு சாடியையும் உம்மட தலையில கட்டும். சாடி எல்லாம் கீழ வரும்."

"வாளியில உள்ளதைக் கொட்டிப்போட்டு வேற சட்டி வைக்கலாம், என்ன?"

"வைக்கலாம்தான்" என்றார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தபடி, "நீர் வைக்கமாட்டீர். அதுதான் எனக்குப் பயம்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் கோப்புகளில் தாள் குறைகிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவள், என் கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதா? திங்கட்கிழமை மூன்று சட்டிகள் வைத்தேன். ஒன்றில் மூட்டை எரு. இரண்டாவதில் கடற்பாசி கலந்தது. மூன்றாவதில், நீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு வருடமாகக் கட்டிவைத்திருந்த ரிஜிபோம் பெட்டியிலிருந்து எடுத்த, பாசி படாத பழைய எரு. பத்துப் பத்துப் பயறு. ஒவ்வொரு சட்டியிலும் என்ன, எங்கிருந்து, என்றைக்கு என்று சோக்கட்டியால் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வழக்கம்போலக் கீழே வாகனத் தரிப்பிடத்தில், பிளாஸ்ரிக் கதிரைகளில். பதினாலு வீடுகளில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். செயலாளர் நீர்க்காப்பைப் பற்றிக் கால்மணி நேரம் கதைத்தார். பிறகு நான் எழுந்து, சட்டிகளை மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியை விரித்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜனவரிப் பக்கத்துக்குத் திருப்பி அதையும் வாசித்தேன், "பொறுக்க முடியவில்லை" உட்பட.

"பாத்தியளே" என்றார் செயலாளர், மற்றவர்களைப் பார்த்து. "தன்ர கையாலேயே எழுதி வைச்சிருக்கிறா. உப்பைப் போட்டது அவ. பழி என்ர எருவில."

"தேசிக்கு நான் போட்டனான் அண்ணை. ரெண்டு கத்தரிக்கும் போட்டனான். மூண்டு சாடி. அந்த மூண்டும் என்ர பிழை, கொப்பியில கிடக்கு. மிச்சம் இருபத்தெட்டுக்கும் பாசி போகேல்லை. அதுகள் ஏன் செத்தது?"

"வெயில்."

"வெயில் எண்டு நானும் எழுதினனான். அதுவும் பொய்தான்."

இரண்டாம் மாடியில் இருப்பவர் ஒரு வங்கியில் வேலை செய்யும் பெண். என்னிடம் வாரம் இருமுறை கறிவேப்பிலை ஒடிப்பவர். அவர் எழுந்து வந்து சட்டிகளைக் குனிந்து பார்த்தார். மூட்டைச் சட்டி வெறுமை. பாசிச் சட்டியில் மூன்று குட்டை முளை. மூன்றாவதில் பத்தும் கொத்தமல்லிக் கட்டுபோல நெருங்கி நின்றன.

"அங்கிள், இதில என்ன கதைக்கக் கிடக்கு?" என்றார். "பயறுக்குத் தெரியுது."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "சாடி இருக்கட்டும். நீர்க்காப்பை மழைக்கு முதல் பாப்பம்" என்றார். "ஆனா அந்தப் பதினொரு மூட்டையும் படிக்குக் கீழ இருக்கக் கூடாது, எலி வரும்." கொண்டுவந்து அடுக்கியது தான்தான் என்பதை மறந்தவர்போலச் சொன்னார். ஒரு மன்னிப்பு இல்லை. "பிழைச்சுப்போச்சு" என்று ஒரு சொல் இல்லை. சாடிகள் தப்பின என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படியேறும்போது எனக்கு முன்பைவிட அதிகமாக எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை குழுவில் ஒரு செய்தி: "எமது சங்கத்தின் அன்பளிப்பாக இரத்மலானையில் ஒரு பாடசாலைத் தோட்டத்துக்குப் பதினொரு மூட்டை சேதனப் பசளை இன்று வழங்கப்படுகிறது." கீழே கைகூப்பும் படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. படிக்கும்போதே கீழே லொறி பின்னுக்கு வரும் சத்தம்.

பயறு அழுகியதை மேசையில் வைத்துப் பார்த்த மனிதர். ஒரு கிழமைகூட ஆகவில்லை. இந்த ஊரில் கெட்ட பொருளை யாரும் எறிவதில்லை, தானம் செய்துவிடுகிறோம். பழுதான கணினி பாடசாலைக்கு, திகதி முடிந்த மருந்து முகாமுக்கு, உக்காத எரு பிள்ளைகளின் தோட்டத்துக்கு. படம் எடுத்துப் போட்டால் புண்ணியமும் சேர்ந்துவிடுகிறது.

காலில் செருப்பும் இல்லாமல் இறங்கினேன். நான்கு மூட்டை லொறியில் ஏறியிருந்தது. ஐந்தாவதை வோச்சர் முதுகில் வைத்திருந்தார்.

"அய்யே, வையுங்கோ" என்றேன். அவர் சிங்களவர்; 'அய்யே', அதாவது அண்ணன், என்ற சொல் மட்டும்தான் அவருடைய மொழி. மிச்சத்தை என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு மூட்டையை வைத்தார்.

செயலாளர் போனை உயர்த்திப் படம் எடுக்க ஆயத்தமாக நின்றார். "இது என்ன தங்கச்சி, நல்ல காரியத்துக்கு நடுவில?"

"அங்க சின்னப் பிள்ளையள் கத்தரி நடுவினம். நட்டது செத்தா, எங்களுக்குத் தோட்டம் வராது எண்டு நினைப்பினம். உங்கட மூட்டையில பிழை எண்டு அதுகளுக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள் வேண்டாம் எண்டியள். நான் எங்க கொண்டுபோறது?"

"வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. உக்கேல்லை எண்டனான். நஞ்சில்லை அது, பச்சையாக் கிடக்கு. குவிச்சு, மூடி, கிழமைக்கு ஒருக்காக் கிளறி, மூண்டு நாலு மாதம் விட்டா நல்ல எரு. அவ்வளவுதான். அந்த மூண்டு மாதம்தான் இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை. விக்கிறவனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லாமல்தான் என்ர தேசி சாகக் கிடக்கு."

லொறிச் சாரதி, வத்தளையிலிருந்து வந்த இளைஞர், இயந்திரத்தை நிறுத்தினார். "அம்மா, ஏத்தவா எறக்கவா? ஒண்ணு சொல்லிருங்க."

"இறக்குங்கோ. மொட்டை மாடிக்கு."

"அஞ்சு மாடியா? முதுகு போயிரும்மா. லிப்ட் இருக்குல்ல?"

லிப்ட் இருந்தது. அதன் கதவில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: பாரமான பொருட்கள் ஏற்றுவது முற்றாகத் தடை. கீழே செயலாளரின் கையொப்பம். எல்லோரும் அதைப் பார்த்தோம். பிறகு அவரைப் பார்த்தோம். அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ரெண்டு ரெண்டாக் கொண்டுபோங்கோ" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "நான் கதவைப் பிடிக்கிறன்."

ஆறு தரம் ஏறி இறங்கியது. ஆறு தரமும் அவரே கதவைப் பிடித்தார். நான் மேலே நின்று, பழைய குளியல் தொட்டியைக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மூட்டைகளைக் கொட்டிக் குவித்தேன். காய்ந்த இலை, தும்பு, கொஞ்சம் தண்ணீர். மேலே கிழிந்த தறப்பாள். மாலையில் குழுவில் அந்தக் குவியலின் படம் வந்தது: "எமது கட்டடத்தின் கூட்டெருத் திட்டம் ஆரம்பம்." பத்துக் கைகூப்பு. போனை எறியாமல் வைத்ததுதான் அன்று நான் செய்த பெரிய காரியம்.

தேசியைப் பிடுங்கி, வேரைப் பலமுறை கழுவி, சாம்பலாகிப்போன நுனிகளை வெட்டி, புது மண்ணில் வைத்தேன். ஒரு மாதம் பார்த்தேன். ஏப்ரல் முதல் வாரம் தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை இல்லை. கொப்பியில் எழுதினேன்: தேசி செத்தது. காரணம் உப்பு, அதற்கு மேல் உக்காத எரு. முதலாவது நான், இரண்டாவது அவர். கறிவேப்பிலை அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. நந்தியாவட்டையும் வந்தது. மிளகாய் ஒன்றும் மிஞ்சவில்லை.

குவியலைச் சனிக்கிழமைகளில் கிளறினேன். முதல் மூன்று வாரம் ஆவி பறந்தது, மணம் குத்தியது. மே மாதம் மழை தொடங்கியபின் சூடு தணிந்தது. மரத்தூள் கறுத்தது, இறகுகள் காணாமல் போயின. சோடா மூடிகள் மட்டும் அப்படியே இருந்தன. பொறுக்கிப் பார்த்தேன், பதினேழு. ஜூன் நடுவில் ஒரு தயிர்ச்சட்டியில் பத்துப் பயறு ஊன்றினேன். மூன்றாம் நாள் ஒன்பது. அந்தச் சட்டியைக் கொண்டுபோய் மூன்றாம் மாடிக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, மணியடிக்காமல் வந்தேன்.

மறுநாள் பின்னேரம் அவர் மேலே வந்தார். தறப்பாளைத் தூக்கி, ஒரு கைப்பிடி எடுத்து மணந்து பார்த்தார். மண் மணம்தான்.

"முன் வேலிச் செடிக்கு ஒரு நாலு வாளி எடுக்கட்டே?"

"எடுங்கோ. அதுக்கு முதல் கொஞ்சம் எழுத்து வேலை இருக்கு."

கொப்பியை எடுத்துவந்து, பெப்ரவரிப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். நான் யாழ்ப்பாணத்தில் நின்ற நாட்களுக்காக விட்ட ஒன்பது வரிகளும் வெறுமையாகக் கிடந்தன.

"இதில என்ன எழுதிறது?"

"மூட்டை எண்டைக்கு வந்தது. எண்டைக்குப் போட்டனீங்கள். மணந்து பாத்தனீங்களோ இல்லையோ. நான் இருக்கேல்லை, எனக்குத் தெரியாது."

பேனையை வாங்கி மூடியைக் கழற்றினார். கீழே பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்து, கூரை அதிர்ந்து அடங்கியது. பிறகு கவிழ்த்த குளியல் தொட்டியில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு வரி. மூன்றாவது வரியில் இரண்டே சொல்: "மணந்து பார்க்கவில்லை." கொப்பியை மூடி நீட்டினார்.

நான் விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"திகதி போடேல்லை அண்ணை" என்றேன்.